பெற்றோருக்குப் போற மெசேஜ், லெட்டர், நன்கொடை அறிவிப்பு: ஹெட்மாஸ்டர் ஒப்புதல் சிக்கல் இல்லாம வாங்க பிஐபிஜிக்கு ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவுல பினாங்கு மாநிலத்துல 28 தமிழ்ப்பள்ளி இருக்கு, தீவுல கொஞ்சம், மிச்சமெல்லாம் பட்டர்வர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால்னு பெருநிலத்துல. எந்த ஸ்கூல் பிஐபிஜி (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) ஆளுங்கள கேட்டாலும் அறிவிப்பு விஷயத்துல ஒரு மனக்குறை இருக்கும். "ஒரு மெசேஜ் போடறதுக்கு ஹெட்மாஸ்டர் ரெண்டு வாரம் வச்சுக்கிறாரு"ம்பாங்க. ஹெட்மாஸ்டர கேட்டா, "என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம குரூப்ல போட்டுட்டாங்க, பிபிடியில (மாவட்டக் கல்வி அலுவலகம்) இருந்து எனக்குத்தான் ஃபோன் வருது"ம்பாரு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, ஆனா நடுவுல கஷ்டப்படறது பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன எடுத்துப் பாக்குற அம்மாதான், நாளைக்குப் பிள்ளைக்கு ஸ்போர்ட்ஸ் சட்டையா யூனிஃபார்மான்னு அவங்களுக்குத் தெரியாது.

ஒவ்வொரு மெசேஜுக்கும் அனுமதி கேட்டு ஓடிக்கிட்டு இருக்கறத விட, எதுக்கு அனுமதி வேணும், யாரு குடுக்கணும், எத்தன நாள்ல குடுக்கணும்னு வருஷ ஆரம்பத்துலயே ஒரு தாள்ல எழுதி ஹெட்மாஸ்டரும் தலைவரும் கையெழுத்து போட்டுட்டா முக்கால்வாசி பிரச்சன வரவே வராதுங்கறது என்னோட உறுதியான கருத்து. அந்தத் தாள எப்படித் தயார் பண்றது, அதுக்கப்புறம் வருஷம் பூரா எப்படி நடத்துறதுன்னுதான் கீழ எழுதியிருக்கேன். தமிழ்ப்பள்ளிய வச்சு எழுதினாலும் தேசியப்பள்ளிக்கும் இடைநிலைப்பள்ளிக்கும் கிட்டத்தட்ட இதேதான், அங்க ஹெட்மாஸ்டருக்குப் பதிலா பிரின்சிபல்.

முதல்ல, யாரு எதுக்குப் பொறுப்புன்னு தெரிஞ்சுக்குங்க

பிஐபிஜிங்கறது சும்மா பெற்றோர் சேந்து ஆரம்பிச்ச கூட்டம் இல்ல. 1996 கல்விச் சட்டத்துக்குக் கீழ 1998ல வந்த பெற்றோர் ஆசிரியர் சங்க விதிமுறைப்படி நடக்குற சங்கம். ஹெட்மாஸ்டர் அதுல ஆலோசகர். ஸ்கூல் நிர்வாகம், பாடம், ஆசிரியர், கட்டொழுங்கு இதெல்லாம் அவரு பொறுப்பு, அதுல சங்கம் கை வைக்க முடியாது, உதவிதான் செய்யலாம். அதே நேரத்துல சங்கத்துக்குன்னு செயலவை, வங்கிக்கணக்கு, கூட்டக்குறிப்பு எல்லாம் தனியா இருக்கு.

இதுல மூணாவதா ஒன்னு இருக்கு, பல பேரு மறந்துடுவாங்க. அரசாங்க உதவிபெறும் தமிழ்ப்பள்ளிகள்ல பள்ளி வாரியமும் இருக்கும், எல்பிஎஸ்னு சொல்வோமே அது. நிலம், கட்டடம் சம்பந்தமான எந்த அறிவிப்பா இருந்தாலும் வாரியத்த விட்டுட்டு ஹெட்மாஸ்டர்கிட்ட மட்டும் ஓகே வாங்கினா பத்தாது. புது ஹால் கட்டறோம்னு பிஐபிஜி போஸ்டர் அடிச்சு, வாரியத்துக்கே அது பேப்பர்ல பாத்துதான் தெரிஞ்சுதுன்னா அந்த மனக்கசப்பு லேசுல போகாது.

ஹெட்மாஸ்டர் ஏன் தயங்குறாருன்னும் புரிஞ்சுக்கணும். அவரு அரசாங்க ஊழியரு. ஒரு பெற்றோருக்கு ஒரு வரி பிடிக்கலன்னா அவங்க சங்கத்தலைவர்கிட்ட போறதில்ல, நேரா பிபிடிக்கோ ஜேபிஎன்னுக்கோ (மாநிலக் கல்வி இலாகா) புகார் எழுதிடறாங்க. அங்க இருந்து கேள்வி வந்தா விளக்கக்கடிதம் எழுதறது ஹெட்மாஸ்டர்தான். நாம எழுதின வரிக்கு அவரு பதில் சொல்றாரு. அத மனசுல வச்சுக்கிட்டு பேசினா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

ஆண்டுக்கூட்டம் முடிஞ்ச கையோட ஒரு சந்திப்பு

புது செயலவை வந்த உடனே, முதல் நிகழ்ச்சிக்கு முன்னாடி, இதுக்குன்னு தனியா ஒரு சந்திப்பு கேளுங்க. ஆபிஸ் கிராணிகிட்ட (கிளார்க்) சொல்லி நேரம் வாங்குங்க, காலையில பிள்ளைய விட வந்த நேரத்துல கேட்கிட்ட நிக்க வச்சு பேசற விஷயம் இல்ல இது. தலைவர், செயலாளர், அறிவிப்பு வேலை பாக்குற ஒருத்தர், அந்தப் பக்கம் ஹெட்மாஸ்டர், பிகே ஒன் (முதல் துணைத் தலைமையாசிரியர்), முடிஞ்சா பிகே ஹெம் (மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியர்). பிகே ஹெம் முக்கியம், ஏன்னா பிள்ளைங்க நலன், உதவித்தொகை, வருகை எல்லாம் அவங்க கையிலதான்.

வெறும் கையோட போகாதீங்க. போன வருஷம் குரூப்ல போன அறிவிப்பு, லெட்டர், போஸ்டர் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக்கிட்டு போங்க. மேசை மேல பரப்பி வச்சு, "ஐயா, இதுல எதெல்லாம் நாங்க கேக்காமலே போடலாம், எதெல்லாம் நீங்க பாக்கணும்"னு கேளுங்க. பேனாவ அவரு கையில குடுத்துடுங்க. பொதுவா "எல்லாத்தையும் என்கிட்ட காட்டுங்க"ன்னு சொல்றவரு கூட, கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேந்து செய்யற துப்புரவு வேலை) நினைவூட்டல், கூட்டத்துக்கு நன்றி, தீபாவளி வாழ்த்துன்னு வரிசையா தாள பாக்கும்போது "இதெல்லாம் எனக்கெதுக்கு, நீங்களே போடுங்க"ன்னு தள்ளி வச்சிடுவாரு. கடைசியில அவரு முன்னாடி நிக்கிற கட்டு சின்னதா இருக்கும், அவருக்கே நிம்மதியா இருக்கும். நேர்ல ஒரு தாளப் பாத்து முடிவு பண்றது அவ்வளவு சுலபம், கொள்கையா பேச ஆரம்பிச்சா மதியம் வரைக்கும் போகும்.

மெசேஜ நாலு வகையா பிரிக்கறது

இதுதான் முழு வேலையோட முதுகெலும்பு, இதுல நேரம் எடுத்துக்குங்க.

முதல் வகை, கேக்காமலே போகலாம். ஏற்கனவே ஒப்புதல் ஆன விஷயத்தோட நினைவூட்டல், செயலவைக் கூட்ட நேரம், நன்றி, பண்டிகை வாழ்த்து, தொலஞ்சு போன தண்ணி பாட்டில். இதுக்கெல்லாம் ஹெட்மாஸ்டர தொந்தரவு பண்ணக்கூடாது. ஒரே நிபந்தன, நினைவூட்டல்ல புதுசா எதையும் சேக்கக்கூடாது. தேதி, இடம், பணம் இதுல ஒன்னு மாறிட்டா அது நினைவூட்டல் இல்ல, புது அறிவிப்பு.

ரெண்டாவது வகை, அவரோ அவரு சொன்ன ஆளோ பாத்துட்டு போகணும். ஸ்கூல் வளாகத்துல நடக்குற நிகழ்ச்சி, பிள்ளைங்க கலந்துக்குற எதுவும், ஆசிரியர் பேரு வர்ற எதுவும், வெளியாளு வந்து பேசற பட்டறை, ஸ்கூல் நேரத்தத் தொடற எதுவும். இதுக்கு வாட்ஸப்ல "ஓகே, அனுப்பலாம்"னு ஒரு வரி போதும்.

மூணாவது வகை, கையெழுத்தும் சாப்பும் (முத்திரை) வேணும். பணம் கேக்குற லெட்டர், பிள்ளைங்கள வெளியில கூட்டிட்டுப் போற லாவாத்தான், அதோட வர்ற பெற்றோர் சம்மதப் படிவம், நன்கொடையாளருக்கும் கம்பெனிக்கும் போற கடிதம், பேப்பருக்குப் போற செய்தி, அரசியல்வாதிக்குப் போற அழைப்பிதழ். லாவாத்தானுக்கு ஹெட்மாஸ்டர் கையெழுத்து மட்டும் பத்தாது, அவரு பிபிடிக்கோ ஜேபிஎன்னுக்கோ எழுதி அனுமதி வாங்கணும், அதனால பஸ்ஸ புக் பண்ணிட்டு அப்புறம் லெட்டர் எழுதறது தலைகீழ் வேல. அழைப்பிதழ் விஷயத்துலயும் கவனம், ஒய்.பி. (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) வர்றாருன்னு போஸ்டர் அடிக்கறதுக்கு முன்னாடியே ஹெட்மாஸ்டர் மேலிடத்துல கேக்க வேண்டியது இருக்கும், தேர்தல் நேரத்துல சொல்லவே வேணாம்.

நாலாவது வகை, நாம போடவே கூடாது, ஸ்கூல்தான் போடணும். விபத்து, பகடிவதை, கட்டொழுங்கு, ஆசிரியர் மேல புகார், தொற்றுநோய், ஸ்கூல் மூடறது. பெற்றோர் குரூப்ல எவ்வளவு கேட்டாலும் "ஸ்கூல் அறிவிக்கும், வந்த உடனே இங்க போடறோம்"னு மட்டும் சொல்லுங்க. 2017 நவம்பர் பினாங்கு வெள்ளம் ஞாபகம் இருக்கும், அந்த மாதிரி ராத்திரியிலதான் எங்கயிருந்தோ வந்த மெசேஜ் எல்லாம் குரூப் குரூப்பா பறக்கும். புகைமூட்டத்துக்கும் அப்படித்தான். ஐபியு (காற்றுத் தூய்மைக்கேட்டு அளவு) 100 தாண்டினா வெளி நடவடிக்கைய நிறுத்தணும், 200 தாண்டினா ஸ்கூல மூடணும்னு அமைச்சோட வழிகாட்டி இருக்கறதால, ஃபோன்ல 201ன்னு பாத்த உடனே "நாளைக்கு ஸ்கூல் இல்ல"ன்னு போட்டுடத் தோணும். போடாதீங்க. எந்த நிலையத்தோட அளவு, எந்த நேரத்து அளவுன்னு பாத்து முடிவு சொல்ல வேண்டியது கல்வி இலாகாவும் ஸ்கூலும்தான். நம்ம மெசேஜ நம்பி ஒரு அப்பா லீவு போட்டுட்டா அது அவரு சம்பளம்.

பிள்ளைங்க சம்பந்தப்பட்ட குற்றம், துன்புறுத்தல், வழக்குன்னா சட்டமே இருக்கு. 2001 சிறார் சட்டம் 15ஆவது பிரிவு, அப்படிப்பட்ட விஷயத்துல பிள்ளைய அடையாளம் காட்டுற பேரு, விலாசம், ஸ்கூல், படம் எதையும் ஊடகத்துல வெளியிடறதத் தடுக்குது, மீறினா பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம், அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டுமே. குரூப்ல போட்டது அடுத்த நிமிஷமே ஃபேஸ்புக்ல இருக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அடிபட்ட பிள்ளைக்கு நியாயம் கேக்கறேன்னு அந்தப் பிள்ளையோட மொகத்தையே ஊரெல்லாம் சுத்த விடறது பெரிய கொடுமை.

நேரத்த எழுதி வைங்க

ரெண்டாவது வகைக்கு ரெண்டு வேலை நாள், மூணாவது வகைக்கு ஒரு வாரம்னு ஆரம்பிக்கலாம், உங்க ஸ்கூலுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க. ஹெட்மாஸ்டருக்குக் கோர்ஸ் இருக்கும், பிபிடி கூட்டம் இருக்கும், பரீட்சை நேரம் இருக்கும், அப்பல்லாம் யாரு அவருக்குப் பதிலா ஓகே சொல்லலாம்னு பேரோட எழுதிடுங்க. பெரும்பாலும் பிகே ஒன்.

பதிலே வரலன்னா என்ன பண்றது? சில பேரு "மூணு நாள்ல பதில் வரலன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம்"னு எழுதச் சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ரெண்டாவது வகைக்கு ஹெட்மாஸ்டரே மனசார ஒத்துக்கிட்டா சரி, பணமும் பிள்ளைங்க படமும் இருக்கற எதுக்கும் மௌனத்த சம்மதமா எடுக்கவே கூடாது. அதுக்குப் பதிலா, நாள் தாண்டின உடனே தலைவர் ஃபோன் பண்ணி "ஐயா, அன்னிக்கு அனுப்பினது, இன்னிக்கு பிரிண்டுக்குப் போகணும், ஒரு வரி மட்டும் மாத்தணும்னா கூட சொல்லுங்க"ன்னு கேக்கற மாதிரி வச்சுக்குங்க. ஃபோன் பண்றது எப்பவும் ஒரே ஆளா இருக்கட்டும். நாலு பேரு மாத்தி மாத்தி கேட்டா அவருக்கு எரிச்சல் வராம என்ன செய்யும்.

எழுதறது: ஹெட்மாஸ்டர் திருத்தவே வேலை இல்லாத மாதிரி

தாமதத்துக்குப் பாதி காரணம் நாம அனுப்புற வரைவுதான். பெற்றோர் குரூப்ல அடிக்கடி பாக்குற மாதிரி ஒன்னு:

"பெற்றோர்களே!! சனிக்கிழமை கோத்தோங் ரோயோங். எல்லாரும் கண்டிப்பா வரணும். வராதவங்க 20 வெள்ளி கட்டணும். பிள்ளைங்களுக்காக இது கூட செய்ய முடியாதா?? ஷேர் பண்ணவும்"

இத பாத்தா எந்த ஹெட்மாஸ்டரும் கீழ வச்சிடுவாரு. எந்தச் சனிக்கிழமன்னு இல்ல. எத்தன மணின்னு இல்ல. வராதவங்களுக்கு அபராதம்னு சொல்ல சங்கத்துக்கு எந்த உரிமையும் இல்ல, அந்த ஒரு வரியே புகாருக்குப் போதும். கடைசிக் கேள்வி சனிக்கிழமையும் வேலைக்குப் போற பெற்றோர குத்திக்காட்டுது. யாரு எழுதினாங்கன்னே தெரியல. இதையே இப்படி எழுதிப் பாருங்க:

"வணக்கம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அறிவிப்பு. ஏப்ரல் 18, சனிக்கிழமை, காலை 8 முதல் 11 வரை பள்ளி வளாகத்தில் கோத்தோங் ரோயோங் நடைபெறும். வகுப்பறை ஜன்னல்கள், பின்பக்கத் தோட்டம், சிற்றுண்டிச்சாலைப் பகுதி ஆகியவற்றைச் சுத்தம் செய்யவிருக்கிறோம். வர முடிந்தவர்கள் வாளி, துணி, மண்வெட்டி இருந்தால் கொண்டு வரவும். காலைப் பசியாறல் சங்கம் வழங்கும். பிள்ளைகள் பெற்றோருடன் மட்டுமே வரலாம். வர இயலாதவர்கள் வருந்த வேண்டாம். விவரங்களுக்குச் சங்கச் செயலாளரைத் தொடர்பு கொள்ளவும். இந்த அறிவிப்பு பள்ளித் தலைமையாசிரியரின் ஒப்புதலுடன் வெளியிடப்படுகிறது."

பிள்ளைங்க பெற்றோரோட மட்டும்தான் வரலாம்னு ஒரு வரி இருக்கு பாருங்க, ஹெட்மாஸ்டர் முதல்ல தேடறது அதத்தான். சனிக்கிழமை ஆசிரியர் இல்லாத நேரத்துல பிள்ளை தனியா வந்து கீழ விழுந்தா யாரு பொறுப்புன்னு அவரு யோசிப்பாரு. நாமளே யோசிச்சு எழுதிட்டா அவருக்கு ஓகே சொல்ல அஞ்சு நிமிஷம் போதும். கடைசி வரி, ஒப்புதல் உண்மையாவே வந்தப்புறம்தான் சேக்கணும், வரைவுலயே போட்டு அனுப்பாதீங்க, யாராச்சும் அத அப்படியே ஃபார்வர்ட் பண்ணிடுவாங்க.

மொழி. மூணாவது வகை கடிதம் தமிழும் மலாயும் ரெண்டுலயும் இருக்கட்டும். மேலிடத்துல யாராச்சும் கேட்டா ஹெட்மாஸ்டர் உடனே எடுத்துக் காட்டறதுக்கு மலாய் வேணும், வீட்டுல தாத்தா பாட்டி படிக்க தமிழ் வேணும். தமிழ் படிக்கத் தெரியாத, ஆனா பேசினா நல்லா புரிஞ்சுக்கற இளம் பெற்றோரும் இருக்காங்க, அவங்களுக்கு அதே அறிவிப்ப அப்படியே வாசிச்சு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டா ரொம்ப உதவி. ஒன்னு மட்டும், ரெண்டு மொழியிலயும் தேதியும் தொகையும் ஒன்னா இருக்கான்னு ஒரு ஆசிரியர்கிட்ட குடுத்து பாத்துக்குங்க. தமிழ்ல வெள்ளிக்கிழமன்னும் மலாய்ல சப்துன்னும் (சனிக்கிழமை) போனா அந்த வாரம் முழுக்க ஃபோன் எடுத்தே ஓஞ்சிடுவீங்க.

லெட்டர்ஹெட் பத்தி ஒரு வார்த்த. சங்கத்துக்குத் தனி லெட்டர்ஹெட் வச்சுக்குங்க. ஸ்கூலோட லெட்டர்ஹெட்ல சங்கம் எழுதக்கூடாது, எங்கயாவது நெட்ல இருந்து அரசாங்கச் சின்னத்த எடுத்து மேல ஒட்டறதும் கூடாது. பாக்க அழகா இருக்கும், ஆனா அரசாங்கமே பணம் கேக்கற மாதிரி ஆயிடும்.

ஒப்புதல் வாங்கற வழி ஒன்னே ஒன்னா இருக்கட்டும்

ஹெட்மாஸ்டர், பிகே ஒன், தலைவர், செயலாளர், அறிவிப்பு பாக்குறவரு, இவங்க மட்டும் இருக்கற ஒரு சின்ன வாட்ஸப் குரூப் போதும். வரைவு அங்க மட்டும் போகணும். மேல வகை, எப்ப வெளியாகணும், எந்த நாளுக்குள்ள பதில் வேணும்னு மூணு விஷயம். உதாரணத்துக்கு: "வகை 2. விளையாட்டுப்போட்டி சட்டை அறிவிப்பு. வெள்ளி காலை வெளியாகணும். புதன் மாலைக்குள்ள பதில் தேவை." அவ்வளவுதான், கதை எழுத வேணாம்.

கேண்டீன்ல பாத்தப்ப வாயால ஓகே சொன்னாருன்னா, அதே இடத்துல நின்னு குரூப்ல "ஐயா இப்ப நேர்ல ஒப்புதல் குடுத்தாங்க, நன்றி"ன்னு எழுதிடுங்க. அவரும் பாப்பாரு, தப்பா புரிஞ்சிருந்தா உடனே சொல்வாரு. இது அவர நம்பாம செய்யறது இல்ல, ஆறு மாசம் கழிச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காதுங்கறதுக்காக. ஒரு நோட்டுலயோ எக்செல்லயோ தேதி, விஷயம், யாரு ஓகே சொன்னாங்க, எப்ப வெளியாச்சுன்னு நாலு கட்டம் போட்டு வைங்க.

வெளியிடறதுக்குன்னு ஒரு அறிவிப்பு குரூப் தனியா, அட்மின் மட்டும் எழுதற மாதிரி செட் பண்ணுங்க. ஒரு வாட்ஸப் குரூப்ல 1024 பேரு வரைக்கும் சேக்கலாம், பெரும்பாலான தமிழ்ப்பள்ளிக்கு அது தாராளம். வகுப்பு குரூப்ல பேச்சு நடக்கட்டும், அங்க வேற யாரும் சொந்தமா அறிவிப்பு எழுத வேணாம், அறிவிப்பு குரூப்ல இருந்து ஃபார்வர்ட் பண்ணா போதும். வகுப்பு குரூப் அட்மின் பல பேரு செயலவையிலயே இருக்க மாட்டாங்க, அவங்களையும் ஒரு நாள் கூப்பிட்டு டீ குடிச்சுக்கிட்டே இந்த நாலு வகைய விளக்கிடுங்க.

பிள்ளைங்க படம்

பெற்றோரோட எழுத்துப்பூர்வமான சம்மதம் வருஷ ஆரம்பத்துலயே, பதிவுப் படிவங்களோட சேத்து வாங்கிடுங்க. அதுல தனித்தனியா கேளுங்க: பெற்றோர் குரூப்ல போடலாமா, ஃபேஸ்புக்ல போடலாமா, பேப்பருக்குக் குடுக்கலாமா. மூணும் ஒன்னு இல்ல. 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைக்குத்தான், அரசாங்கத்துக்குப் பொருந்தாதுன்னு சொல்லி சில பேரு இத லேசா விட்டுடறாங்க. சட்டம் கட்டாயப்படுத்துதா இல்லையாங்கறது வேற. அம்மா அப்பா பிரிஞ்சு, பிள்ளை எந்த ஸ்கூல்ல படிக்குதுன்னே ஒருத்தருக்குத் தெரியக்கூடாதுன்னு பயந்து வாழற குடும்பம் நம்ம மத்தியிலயே இருக்கு. பரிசு வாங்கற படத்துல முழுப்பேரு, வகுப்பு, ஸ்கூல் பேரு மூணையும் சேத்து போடறதுக்கு முன்னாடி அந்த அம்மாவ ஒரு தடவ நெனச்சுக்குங்க. உதவி வாங்கற பிள்ளைங்க, பள்ளிப்பை இனாமா வாங்கற பிள்ளைங்க மொகத்த நன்கொடையாளர் கேட்டாலும் போடாதீங்க. பைய மட்டும் படம் எடுத்துப் போடலாம், யாரும் குறை சொல்ல மாட்டாங்க.

பணம் கேக்குற அறிவிப்பு

சங்க நன்கொடை விருப்பத்தோட குடுக்கறது, கட்டாயம் இல்ல. கடிதத்துலயே தெளிவா எழுதுங்க, முடியாதவங்க தனியா வந்து சொன்னா போதும், பிள்ளைக்கு எந்தப் பாதிப்பும் இருக்காதுன்னும் ஒரு வரி. கட்டாதவங்க பேர குரூப்ல போடறது, பிள்ளைகிட்ட வகுப்புல வச்சு கேக்கறது, புத்தகம் குடுக்கறத நிறுத்தி வைக்கறது இதெல்லாம் வேணவே வேணாம், ஹெட்மாஸ்டர் ஒத்துக்க மாட்டாரு, ஒத்துக்கவும் கூடாது.

கடிதத்துல எவ்வளவு, எதுக்கு, எந்த வங்கிக்கணக்கு, யாரு பேர்ல, ரசீது எப்ப கிடைக்கும்னு எல்லாம் இருக்கணும். சங்கக் கணக்கா ஸ்கூலோட பொது நன்கொடைக் கணக்கான்னு குழப்பாம எழுதுங்க, ரெண்டுக்கும் தணிக்கை வேற. பொருளாளரோட சொந்த அக்கவுண்ட், சொந்த கியூஆர் கோடு எந்தக் காரணத்துக்கும் வேணாம், அவரு எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி. நன்கொடைக்கு வரி விலக்கு உண்டுன்னு வழக்கமா ஒரு வரி சேப்பாங்க, வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவுக்குக் கீழ அங்கீகாரம் இருக்கான்னு கையில ஆதாரம் இல்லாம அத எழுதக்கூடாது. அப்புறம் தைப்பூசத்துக்கு உண்டியல தூக்கிக்கிட்டு தெருவுல வசூல்னு யாராச்சும் ஆரம்பிச்சா, வீடு வீடாவும் தெருவுலயும் பணம் வசூல் பண்ண லைசென்ஸ் வாங்கணும்னு 1947லயே சட்டம் இருக்கறத ஞாபகப்படுத்துங்க. ஹெட்மாஸ்டர் கையெழுத்து அதுக்குப் பதிலா ஆகாது.

ஹெட்மாஸ்டர் முடியாதுன்னா

முதல்ல கேக்க வேண்டிய கேள்வி: "எந்த வரி ஐயா?" முழு அறிவிப்புக்கும் முடியாதுன்னு சொன்ன மாதிரி தோணும், ஆனா பெரும்பாலும் ஒரு வரி, ஒரு தேதி, இல்ல ஒரு பேருதான் அவருக்கு ஒத்துக்காம இருக்கும். அத மாத்தி எழுதிக்கிட்டு அதே நாள்ல திரும்பப் போங்க. அவரு சுற்றறிக்கை இருக்குன்னு சொன்னா, அது எதுன்னு மரியாதையா கேட்டு வாங்கிப் படிங்க, அடுத்த தடவைக்கு உதவும்.

ஆனா ஒப்புதல்ங்கறது வாய அடைக்கறதுக்கு இல்ல, இதுல நான் கறாரா இருக்கேன். சங்கத்தோட வரவு செலவு, ஆண்டுக்கூட்ட அறிக்கை, உறுப்பினர் எடுத்த தீர்மானம் இதெல்லாம் உறுப்பினருக்குச் சொந்தம். கழிப்பறை மோசமா இருக்குன்னு கூட்டத்துல பெற்றோர் பேசி அது குறிப்புல பதிவாயிடுச்சுன்னா, அது ஸ்கூலுக்கு நல்லா இல்லன்னு சொல்லி எடுக்கச் சொல்ல முடியாது. அதே சமயம் அத அப்படியே படத்தோட ஃபேஸ்புக்ல போடறதும் வேற விஷயம். குறிப்ப உறுப்பினருக்கு அனுப்புங்க, பழுது பாக்க ஒதுக்கீடு கேட்டு ஹெட்மாஸ்டர் மூலமா பிபிடிக்குக் கடிதம் எழுதுங்க. அந்தக் கடிதம் அவருக்கும் ஆயுதம்தான், பெற்றோரே கேக்கறாங்கன்னு அவரு மேல காட்டலாம். நல்ல ஹெட்மாஸ்டர் பல பேரு இப்படி ஒரு கடிதத்துக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க.

பேசிப் பேசி பாத்தும் நியாயமான அறிவிப்பு நிக்குதுன்னா, செயலவைக் கூட்டத்துல வச்சு அவரு முன்னாடியே பேசி குறிப்புல எழுதுங்க: என்ன கேட்டோம், எப்ப கேட்டோம், என்ன காரணம் சொன்னாங்க. அதுக்கும் அப்புறம்தான் பிபிடி. அதுவும் அவருக்குத் தெரிஞ்சே போகணும், "ஐயா, நாங்க பிபிடியில விளக்கம் கேக்கப் போறோம், நகல் உங்களுக்கு"ன்னு சொல்லிட்டு. பின்னாடி போய் பேசினது ஒரு நாள் வெளிய வரும், அப்புறம் பிள்ளைங்க அங்க இருக்கற ஆறு வருஷமும் மூஞ்சி குடுத்துப் பேச முடியாது.

தப்பா போயிட்டா

அனுப்பின உடனே தெரிஞ்சா வாட்ஸப்ல 15 நிமிஷத்துக்குள்ள எடிட் பண்ணலாம். அதுக்கு மேல ஆச்சுன்னா பழசத் தூக்கிட்டு, "திருத்தம்"னு தலைப்பு போட்டு மாறின ஒரே விஷயத்த மட்டும் எழுதுங்க. பழச தூக்கறது ரெண்டரை நாளுக்கு மேல முடியாது, அதுவுமில்லாம அதுக்குள்ள யாரெல்லாம் ஃபார்வர்ட் பண்ணாங்கன்னு தெரியாது, அதனால திருத்தம் எப்பவும் தனி மெசேஜா போகட்டும். தொகையோ தேதியோ தப்புன்னா திருத்தத்தையும் ஹெட்மாஸ்டர்கிட்ட காட்டிட்டுதான் அனுப்பணும், அவசரம்னா ஃபோன்ல.

ஹெட்மாஸ்டர் மாறும்போது, செயலவை மாறும்போது

அரசாங்க ஊழியருக்கு 60 வயசுல கட்டாய ஓய்வு, அதனால ஓய்வுக்குக் கொஞ்ச காலம் முன்னாடி வர்ற ஹெட்மாஸ்டரும் உண்டு, இடமாற்றமும் உண்டு. புதுசா வர்றவரு பழைய ஏற்பாட்டுக்குக் கட்டுப்பட்டவரு இல்ல. மாலை போட்டு வரவேத்த வாரத்துலயே அந்தத் தாளோட போய் "இப்படித்தான் நடத்திக்கிட்டு இருந்தோம், உங்களுக்கு எது சரிப்படல"ன்னு கேளுங்க. அவரு ரெண்டு விஷயத்த மாத்துவாரு, மாத்தட்டும், புது தேதி போட்டு திரும்பக் கையெழுத்து வாங்கிடுங்க.

நம்ம பக்கம் ஆண்டுக்கூட்டத்துல புது செயலவை வந்தா, பழைய செயலாளர் ஒப்படைக்க வேண்டியது: கையெழுத்தான தாள், ஒப்புதல் பதிவு நோட்டு, மாதிரிக் கடிதங்கள் ரெண்டு மொழியிலயும், படச் சம்மதப் படிவங்கள், லெட்டர்ஹெட் ஃபைல், ஃபேஸ்புக் பக்கத்தோட பாஸ்வேர்ட், வாட்ஸப் அட்மின் உரிமை. ஸ்கூல விட்டுப் போன பிள்ளைங்களோட பெற்றோர அறிவிப்பு குரூப்ல இருந்து சொல்லிட்டு எடுத்துட்டு, பழைய இன்வைட் லிங்க ரீசெட் பண்ணிட்டு, முதலாம் ஆண்டு பெற்றோருக்குப் புது லிங்க்க அனுப்புங்க. அந்த லிங்க் போற மெசேஜும் ரெண்டாவது வகைதான், ஹெட்மாஸ்டர் பாத்துட்டு ஓகே சொன்னப்புறம் போகட்டும்.